ஒன்பதாம் நம்பர் ரூமில் நாலு பேர்

கல்லுப்பொட்டல் ஊரில் முதலில் முகம் கலங்கிப்போனது சங்கிலிக்கு, அதுவும் ஒரே ஒரு தும்மலால், அதுவும் ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, பட்டாசு ஆலையின் ஒன்பதாம் நம்பர் ரூமில், கனிச்செல்வியின் கேமரா கண்ணைத் திறந்ததற்கும் மூடியதற்கும் நடுவில் இருந்த அந்த அரை விநாடியில். தும்மி முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் வெயிலுக்கு வந்தபோது, ஈரம் காயுமுன்னே யாரோ புறங்கையால் இழுத்துவிட்ட கோலம் மாதிரி அவர் முகம் இடப்பக்கமாக இழுபட்டிருந்தது. கண் இருந்தது, ஆனால் ரெண்டா மூணா என்று சொல்ல முடியவில்லை. மீசை இருந்தது, காதுவரைக்கும் போயிருந்தது. கேட்டில் நின்ற வாட்ச்மேன் அவரைப் பார்த்தார்.

"என்ன சங்கிலி, ஆடிட்டியா?"

"தும்மல் வந்திருச்சுண்ணே."

"சரி சரி, போ."

அவ்வளவுதான் நடந்தது. சங்கிலி வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு மத்தியானம் வேலைக்குத் திரும்பி வந்தார்.

ஆலையில் வேலை செய்கிற ஒவ்வொருவரையும் அவரவர் ரூமிலேயே, அவரவர் இடத்தில் உட்கார வைத்துப் போட்டோ எடுத்து அட்டையில் ஒட்ட வேண்டும் என்று எங்கிருந்தோ ஓர் உத்தரவு வந்திருந்தது. ரூம் என்றால் பத்தடிக்குப் பத்தடி. உள்ளே கரண்ட் கிடையாது, செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று கதவுக்குப் பக்கத்திலேயே பெயிண்டில் எழுதியிருக்கும். மற்ற ரூம்களில் கதவு வழியாக வெயில் அள்ளிக் கொட்டும். ஒன்பதாம் நம்பருக்கு எதிரே மட்டும் ஒரு மண்மேடும் அதன்மேல் ஒரு பெரிய வேப்பமரமும் நின்றதால், அங்கே நடுப்பகலிலும் பொழுதடைஞ்ச நேரம் மாதிரி இருக்கும்.

ஃபிளாஷ் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் ஆறாம் நம்பர் ரூம் வெடித்துப் போனபோது, அதிலிருந்து பிழைத்து வந்த ஒரே ஆள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "வெள்ளையா ஒண்ணு பளிச்சுன்னுச்சு." அந்த ஒரு வார்த்தையை ஊர் அப்படியே பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து கல்லுப்பொட்டலில் யாரும் ஃபிளாஷ் அடித்ததில்லை. கல்யாணத்திலும் இல்லை, காது குத்திலும் இல்லை, பள்ளிக்கூட குரூப் போட்டோவிலும் இல்லை. சாத்தூரிலிருந்து வருகிற போட்டோக்காரர் ஊர் எல்லையிலேயே ஃபிளாஷைக் கழற்றிக் காளியம்மன் கோயில் பூசாரியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அதனால் அந்த ஊர்க் கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளையும் பொண்ணும் கிணத்துக்குள்ளே நிற்கிற மாதிரிதான் இருப்பார்கள். அந்த ஆறாம் நம்பரில் அன்றைக்கு எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. ஃபிளாஷ்தான் காரணம் என்று முடிவு பண்ணியாச்சு, அப்புறம் வேற எதைக் கேட்பது.

கனிச்செல்விக்குப் பதினேழு வயது. பத்தாம் வகுப்பில் கணக்கில் ரெண்டு தடவை விழுந்துவிட்டு, மூன்றாவது தடவை விழ விருப்பமில்லாமல் நின்றுவிட்டவள். அவள் அம்மா குருவம்மாள் ஒன்பதாம் நம்பர் ரூமில் பட்டாசுக் குழலுக்குள் வெடிமருந்து செலுத்துகிறவள். அப்பா திருப்பூருக்குப் போனவர், போனவர்தான். ஆபீஸ் டிராயரில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பழைய கேமரா கிடந்தது. அதைத் தொட எல்லாரும் பயந்தார்கள், கனி பயப்படவில்லை, அதனால் வேலை அவளுக்கு வந்தது. போர்மேன் ஜெயபாண்டி அதன் ஃபிளாஷ் மேல் கறுப்பு டேப்பை மூணு சுற்று ஒட்டி, "இத உரிச்சேன்னு தெரிஞ்சுது, கைய ஒடிச்சிருவேன்" என்று சொல்லிக் கொடுத்தார்.

ஒன்பதாம் நம்பர் ரூம் அவளை ரொம்பவும் படுத்தியது. முதலில் அங்கே வெறும் சுவரைத்தான் எடுத்துப் பார்த்தாள். சுவரே ஆடியது. கேமராவைத் திட்டினாள், வேப்பமரத்தைத் திட்டினாள், அப்புறம் திட்டிப் பிரயோஜனமில்லை என்று உட்கார்ந்து பட்டன் பட்டனாகப் பார்த்தாள். ஜூம் போட்டால் இன்னும் இருட்டாகிறது, ஆகவே ஜூம் வேண்டாம், நாமே கிட்டப் போய்விடலாம். கையில் பிடித்தால் கை ஆடுகிறது, ஆகவே தீயணைப்பு வாளியிலிருந்து மணலை அள்ளி ஒரு துணிப்பையில் கட்டி, அதன்மேல் கேமராவை உட்கார வைக்கலாம். அழுத்துகிற விரலே கேமராவை ஆட்டிவிடுகிறது, ஆகவே ரெண்டு விநாடி கழித்துத் தானாக எடுக்கிற மாதிரி வைத்துவிட்டு விரலை எடுத்துவிடலாம். வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுகிற ஐஎஸ்ஓ நம்பரை ரொம்ப ஏற்றினால் முகமெல்லாம் ரவையைத் தூவின மாதிரி புள்ளி விழுகிறது, இறக்கினால் கேமரா கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிவிடுகிறது, ஆகவே நடுவில் எண்ணூறு. இவ்வளவும் செய்த பிறகும் அரை விநாடி தேவைப்பட்டது. அந்த அரை விநாடி கேமரா கையில் இல்லை, உட்கார்ந்திருக்கிற ஆளின் கையில் இருந்தது.

"மூச்ச விடுங்க. இப்பப் பிடிங்க. கல்லு மாதிரி இருங்க" என்பாள் கனி. கல்லு மாதிரி இருந்தவர்கள் தெளிவாக விழுந்தார்கள், தெளிவாகவே எழுந்து போனார்கள். சங்கிலி தும்மினார்.

அடுத்து பேச்சித்தாயை எறும்பு கடித்தது. அதற்கடுத்து வீரசின்னு, தான் ஆடக் கூடாது என்று நினைத்து நினைத்தே சிரித்துவிட்டான். மூன்று பேரும் கலங்கினார்கள். ஊர் அதைப் பற்றி ஒரு வாரம் பேசியது, ரெண்டாவது வாரம் வேறு பேச்சு வந்துவிட்டது. சங்கிலியின் பெண்டாட்டி ராமுத்தாய் ஒருநாள் பூராவும் அழுதாள், மறுநாள் "கொறட்ட அதே கொறட்டதான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். முடிதிருத்தும் கடையில் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தாடையைத் தடவிப் பார்த்துச் சவரம் செய்தார்கள். கனி சங்கிலியை வெயிலில் நிறுத்தி மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். முகத்தைக் கண்டால் தானாகப் போடுகிற பச்சைக் கட்டத்தைக் கேமரா அந்த முகத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் தேடித் தேடி விழித்தது, கடைசியில் கலங்கலையே கொடுத்தது. "விடு தாயி, எனக்கு நான் நல்லாத்தான் தெரியுறேன்" என்றார் சங்கிலி. கலங்கினவர்களுக்குத் தங்கள் முகமும் தெளிவாகத்தான் தெரிந்தது, கலங்கின மற்றவர்களின் முகமும் தெளிவாகத்தான் தெரிந்தது. அதனால் அவர்கள் மூணு பேரும் சேர்ந்தே திரிந்தார்கள்.

முகம் கலங்கியது பெரிய விஷயமில்லை. பார்க்கிறவர்களின் கண் அவர்கள்மேல் நிற்காமல் வழுக்கிப் போக ஆரம்பித்ததுதான் விஷயம். எண்ணெய் தடவின தட்டில் பட்டாணி ஓடுகிற மாதிரி கண் ஓடியது. பந்தியில் சாம்பார் வாளிக்காரன் இந்த இலையிலிருந்து அந்த இலைக்குத் தாண்டுவான், நடுவில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கோயிலில் விபூதித் தட்டு அவர்கள் முன்னால் நிற்காது. ஊர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தது: கலங்கினவர்கள் இலையை விரலால் தட்ட வேண்டும், தட்டு தட்டு என்று விடாமல் தட்ட வேண்டும், யாராவது வருகிறவரைக்கும். கல்யாண வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால், "அந்தா, ஆள் இருக்கு பாரு" என்பார்கள். பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான், ரூமுக்கு நாலு பேர்தானா என்று எண்ணிப் பார்க்கிற ஆபீசர் வந்தார். தீபாவளி ஆர்டர் தலைக்குமேல் இருந்ததால் ஜெயபாண்டி அன்று ஒன்பதாம் நம்பரில் ஏழு பேரை உட்கார வைத்திருந்தார். ஜீப் சத்தம் கேட்டுப் பின்பக்கமாக ஆளை வெளியேற்ற நேரமில்லை. ஆபீசர் வாசலில் நின்று விரலை நீட்டி எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. விரலைத் தாழ்த்தினார். எழுதிக்கொண்டார். பத்தாம் நம்பருக்குப் போய்விட்டார். ஜெயபாண்டி அங்கேயே நின்று, பெயிண்டில் எழுதியிருந்த அந்த நாலையும், உள்ளே இருந்த ஏழையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

மறுநாள் கனியைக் கூப்பிட்டார். "ஏ புள்ள, இனிமே நீ ரொம்ப மெனக்கெட வேண்டாம். ஆடுறவங்க ஆடட்டும்."

"படம் கெட்டுப் போகும் அண்ணாச்சி."

"கெட்டுப் போகட்டும்னுதான் சொல்றேன்."

மழை இல்லாத வருஷம் அது. காடுகரையில் வேலை இல்லை. ஆலையில் வேலை வேண்டும் என்று வாசல் கேட்டுக்கு வெளியே காலையில் நிற்கிறவர்கள் சாயந்தரம்வரை நிற்பார்கள். கலங்கினால் ஒன்பதாம் நம்பரில் இடம் உண்டு என்று தெரிந்ததும், அவர்கள் ஒவ்வொருவராகக் கனியிடம் வந்தார்கள். சித்தி முறை, மதினி முறை, மாமா முறை, எல்லாம் சொந்தம். "கனி, எனக்கும் ஒரு ஆட்டம் ஆட்டிவிடு தாயி" என்றார்கள். சுத்தி வளைப்பானேன், கனி எடுத்தாள். இன்னும் பதினாறு பேரை எடுத்தாள். மணல் பையும் வேண்டாம், ரெண்டு விநாடியும் வேண்டாம். அவர்கள் தலையை ஆட்டுவார்கள், இவள் அழுத்துவாள். ஒருத்தரும் தெளிவாக விழவில்லை. "நல்லா எடுத்திருக்க தாயி" என்று கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நல்ல படம் எடுக்க அவள் எத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள், அதற்கு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கெட்ட படத்துக்கு முத்தம்.

அப்புறம் ஒருநாள் ராமுத்தாய் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூணு நாளா அவரு வீட்டுல இருக்காரா இல்லையான்னே எனக்கு நெனப்பு வரல கனி."

"என்ன அத்த சொல்றீங்க?"

"நாலாம் நாளு மூலையில ஒரு தட்டுல சோறு காஞ்சு கெடந்துச்சு. யார் தட்டுன்னு யோசிக்கேன். அம்புட்டு நேரம் யோசிக்கேன். அவரு என் முன்னாடிதான் உக்காந்திருந்தாராம். தரையத் தட்டிக்கிட்டே இருந்தாராம். எனக்கு அந்தச் சத்தமே கேக்கல." அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். "பேரு என்ன அவருக்கு? நீ சொல்லு, நான் கேட்டுக்கிடுதேன்."

"சங்கிலி மாமா."

"ஆங். சங்கிலி" என்றாள் ராமுத்தாய், பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

ஒன்பதாம் நம்பர் ரூமில் இன்னும் கலங்காமல் இருந்தது நாலே பேர். அதில் ஒருத்தி அவள் அம்மா. குருவம்மாளுக்குத் தலை ஆடும். பதினாலு வருஷம் குனிந்தே மருந்து செலுத்தின கழுத்து, இப்போது நிற்காமல் இடமும் வலமுமாக, யாரோ எதையோ கேட்கக் கேட்க வேண்டாம் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். சந்தையில், "குருவம்மாக்காவுக்கு எந்த வெலை சொன்னாலும் கட்டாது" என்று கேலி பண்ணுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள், தலை வேண்டாம் என்றுதான் ஆடும். மற்றவர்களாவது ஆடாமல் இருந்து தப்பிக்கலாம். அம்மாவுக்கு அரை விநாடி என்பது அரை வருஷம். அதனால்தான் கனி அவள் போட்டோவை இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

ஜெயபாண்டி அதற்கும் வந்தார். "நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு ஆபீசர் வாரார். பதினோரு மணிக்கு உன் அம்மாவ எடுத்து முடி. அவ எடத்துல தெளிவான ஆளு ஒண்ணப் போட்டுக்கிடுவேன். அவளும் இருப்பா, இன்னொருத்தரும் இருப்பாரு. ஒனக்கு நல்லதுதான?"

"எங்கம்மாவ எடுக்கல அண்ணாச்சி."

"அப்பம் அவ நாளையிலருந்து வர வேண்டாம். ஆடுற தலைய வச்சுக்கிட்டு வேற எங்க போறான்னு பாப்போம்."

சாயந்தரம் வீட்டில் கனி அம்மாவை உட்கார வைத்து என்னென்னவோ செய்து பார்த்தாள். மோவாயைக் குடத்தின்மேல் வைக்கச் சொன்னாள், குடம் ஆடியது. தலையைத் துண்டால் தூணோடு கட்டினாள், துண்டுக்குள்ளே ஆடியது. தலை ஒரு பக்கம் போய்த் திரும்புகிற இடத்தில் கண்ணிமைக்கிற நேரம் நின்றுவிட்டுத்தான் திரும்புகிறது என்று கண்டுபிடித்தாள். ஆனால் அந்த நேரம் அரை விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

"விடுட்டி" என்றாள் குருவம்மாள். "எல்லாரும் கலங்கித்தான் கெடக்காங்க. நான் மட்டும் பெரிய இவளா?"

"ஒன்ன எனக்குத் தெரியாமப் போயிரும்மா."

"நான் தட்டுறேன். நீ காத வச்சுக்க."

கனி கேமராவையும், அம்மாவின் வேலைச் சேலை மடிப்பில் ஒட்டியிருந்த மருந்துத் தூளைத் தட்டி எடுத்த ஒரு காகிதத்தையும் தூக்கிக்கொண்டு, ஊருக்கு வெளியே கல்லுக்கிடங்குக்குப் போனாள். பாறைமேல் காகிதத்தை விரித்தாள். கறுப்பு டேப்பை உரித்தாள். பொறுமையெல்லாம் அவளிடம் கிடையாது, பயம் இருந்தது, ஆனால் பயத்தைவிட அது உண்மையா பொய்யா என்று பார்த்துவிட வேண்டும் என்ற எரிச்சல் பெரிதாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை நீட்டி, அழுத்தினாள். பளிச். பாறை வெள்ளையாகி மறுபடி பாறையானது. காகிதம் அப்படியே இருந்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. பத்துத் தடவை. ஒன்றும் ஆகவில்லை. இருபது வருஷமாக ஊரே கும்பிட்டுப் பயந்த சாமி, ஒரு சிட்டிகைத் தூளைக்கூட அசைக்கவில்லை. அவள் பாறைமேல் உட்கார்ந்தாள். ஃபிளாஷ் இல்லையென்றால் ஆறாம் நம்பர் எதனால் போனது என்ற கேள்வி அப்போதுதான் முதன்முதலாக அவளுக்கு வந்தது. வந்த கேள்வி போகவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு ஒன்பதாம் நம்பர் வாசலில் செருப்பைக் கழற்றி, தண்ணீர்த் தொட்டியில் கையை நனைத்துவிட்டு உள்ளே போனாள். டேப்பைத் திரும்ப ஒட்டி வைத்திருந்தாள், ஒரு முனையை மட்டும் நகத்துக்கு வாகாக மடித்து. நாலு பேர் தெரிந்தார்கள், நடுவில் அம்மா. மற்ற இடமெல்லாம் காலியாகத்தான் தெரிந்தது, ஆனால் காலியான இடத்தில் கால் வைக்க இடமில்லை.

"ஏட்டி, வெரல மிதிக்காத" என்றது ஒரு குரல்.

"யாரு?"

"பேச்சித்தாய் சித்திடி. தள்ளிப் போ, இங்க மருந்துத் தட்டு இருக்கு."

காற்று சூடாக இருந்தது. அவ்வளவு மூச்சு அதற்குள் இருந்தது. கனியின் இடுப்பில் ஒருவர் தோள் இடித்தது, முழங்காலில் இன்னொருவர் முதுகு. எங்கே பார்த்தாலும் கண் வழுக்கி, வழுக்கி, அம்மாவிடம் வந்து நின்றது.

"எத்தன பேரு இருக்கீங்க?" என்று கேட்டாள்.

சங்கிலியின் குரல் வந்தது, ரொம்பப் பக்கத்திலிருந்து: "அத எதுக்கு எண்ணிக்கிட்டு. நீ வந்த வேலையப் பாரு தாயி."

கனி மணல் பையை வைத்து, கேமராவை அதன்மேல் உட்கார வைத்தாள். அம்மாவின் தலை இடம் போனது, வலம் போனது. நகத்தால் டேப்பை உரித்தாள். ஃபிளாஷ் பட்டனை அழுத்தியதும் கேமராவுக்குள்ளிருந்து கொசு பாடுகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் எழுந்து ஏறிக்கொண்டே போனது. அந்த ரூமில் அது பெரிய சத்தமாக இருந்தது.

"கனி" என்றது சங்கிலியின் குரல். "அது என்ன சத்தம்?"

அம்மாவின் தலை வலப்பக்கம் போய் நின்றது. கனி அழுத்தினாள்.

வெள்ளை. அந்த வெள்ளை ஒரு கண்ணிமைப்பு நேரம்தான் இருந்தது, ஆனால் கண்ணிமைப்பில் யாராலும் ஆட முடியாது, தும்ம முடியாது, சிரிக்க முடியாது. சுவரிலிருந்து சுவர்வரைக்கும் முகங்கள் இருந்தன. முழங்காலோடு முழங்கால், முதுகோடு முதுகு, ஒருவர் மடியில் இன்னொருவர் தட்டு, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் தரையெல்லாம் சாம்பல் நிறத்தில் சிந்திய மருந்து, அதன்மேல் இழுபட்டுக்கொண்டிருந்த சேலைகள், குதிகால்கள், இரும்புக் கரண்டி ஒன்று. இருபத்து மூணு பேர். வெள்ளை போன பிறகும் அவர்கள் போகவில்லை. சங்கிலியின் மூக்கில் ஒரு மரு இருந்தது கனிக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

எதுவும் வெடிக்கவில்லை. எல்லாரும் தலையைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டு காத்திருந்தார்கள், அப்புறம் மெதுவாக எடுத்தார்கள். குருவம்மாள் மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏ ஆத்தி" என்றாள். "இத்தன பேரா என் முதுகுல உக்காந்திருந்தீங்க?"

வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு ஜெயபாண்டி ஓடி வந்தார். கனியின் கையை ஒடிக்கத்தான் வந்தார். வாசலில் நின்றவர், உள்ளே பார்த்ததும், கையை ஓங்கியபடியே நின்றுவிட்டார். அவர் உதடுகள் அசைந்தன, எண்ணிக்கொண்டிருந்தார், பதினொன்றோ பன்னிரண்டோ வந்ததும் விட்டுவிட்டார். கேட்டுப் பக்கமிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. ஆபீசர் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துவிட்டார்.

"நாசமாப் போனவளே. எல்லாம் தெரியுது! எல்லா மூஞ்சியும் தெரியுது! பொம்பள ஆம்பள பூராத்தையும் திருப்பி ஆட்டிவிடு, ஒரே படத்துல எடு, நான் கேட்டுல ரெண்டு நிமிசம் பேசிப் பிடிச்சு வைக்கேன்" என்று கத்திவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"எல்லாரும் வெளிய வாங்க" என்றாள் கனி. "ஒவ்வொருத்தரா, மெல்ல வாங்க. கீழ பாருங்க, எம்புட்டு மருந்துன்னு பாருங்க."

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. கீழேயும் பார்க்கவில்லை.

"வெளிய வந்தா?" என்றார் சங்கிலி. "நாலு பேருதான் திரும்ப உள்ள போக முடியும். அந்த நாலுல நான் இருக்கனா? நீ இருக்கச் சொல்லுவியா?"

"ஒங்க பேர் அத்தைக்கு மறந்து போச்சு மாமா."

அவர் முகம் அசைந்தது. தெளிவான முகம், அதனால் அசைந்தது நன்றாகத் தெரிந்தது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. "சோறு வைக்கிறது நின்னா தட்டிக்கிடலாம்" என்றார். "வேலையே நின்னா எதத் தட்டுறது? எடு தாயி." அவர் தலையை ஆட்ட ஆரம்பித்தார். பேச்சித்தாய் ஆட்டினாள். வீரசின்னு ஆட்டினான். ஒவ்வொருவராக, அப்புறம் எல்லாருமாக, இருட்டுக்குள் இருபத்து மூணு தலைகளும் இடமும் வலமுமாக ஆடின, காற்றில் ஒரு மாதிரி விசிறுகிற சத்தம் வந்தது, சேலைகளும் வேட்டிகளும் தரை மருந்தின்மேல் உரசின. எது அம்மாவின் தலை என்றே தெரியவில்லை.

"எடுத்துரு கனி" என்றாள் குருவம்மாள் அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து. "இத்தன பேரு சோறு. என்னையும் சேத்து எடுத்துரு. கண்ண மூடிக்கிட்டு எடுத்துரு."

கனி அம்மா இருந்த பக்கத்தைப் பார்த்தாள். அந்த ரூமில் எத்தனை பேர் என்று இப்போது அவளுக்குத் தெரியும். இனிமேல் அதைத் தெரியாத மாதிரி இருக்க அவளால் முடியாது, அவ்வளவு நடிப்பு அவளுக்கு வராது. ஃபிளாஷை அணைத்தாள். கேமராவைத் தூக்கினாள். "நல்லா ஆட்டுங்க" என்றாள். படம் எடுக்கிறவர்கள் முதல் நாளில் செய்கிற தப்பு ஒன்று உண்டு, சின்னக் கேமரா என்பதால் பிடிக்கிற கையின் விரல் முன்பக்கம் வந்து கண்ணை மறைத்துக்கொள்ளும், படம் பூராவும் கறுப்பாக வரும். கனி அந்தத் தப்பை நிதானமாகச் செய்தாள். இடது கை ஆள்காட்டி விரலை லென்ஸின்மேல் முழுசாக வைத்து அமுக்கிக்கொண்டு, வலது கையால் அழுத்தினாள். கேமரா கண்ணைத் திறந்தது, அரை விநாடி அவள் விரலையே பார்த்தது, கிளிக் என்று மூடியது.

"ஆச்சா?" என்றார் சங்கிலி.

"ஆச்சு."

தலைகள் நின்றன. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் தெளிவாகத் தெரிந்தார்கள், கலங்கினவர்களுக்குக் கலங்கினவர்கள் அப்படித்தானே தெரிவார்கள். நிம்மதியாகக் கரண்டியை எடுத்தார்கள். கனி பின்னோக்கியே நடந்து வெளியே வந்து, வேப்பமர நிழலில் நின்றாள்.

ஆபீசர் வந்தார், பின்னாலேயே ஜெயபாண்டி சிரித்துக்கொண்டு வந்தார், இங்கே கனி நின்ற இடத்திலிருந்து ஒரு தலையசைப்பை எதிர்பார்த்தார், கனி தலையை அசைத்தாள். அதனால் அவர் உள்ளே பார்க்கக்கூட இல்லை. "நாலே பேருங்க சார், எப்பவும் போல" என்றார் ஆபீசரின் முதுகைப் பார்த்து. உள்ளே இருபத்து மூணு பேரும் யாரும் தங்களைப் பார்க்கப்போவதில்லை என்கிற தைரியத்தில் கை நிற்காமல் மருந்தைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஆபீசர் வாசலில் நின்று விரலை நீட்டினார். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. ஜெயபாண்டி பத்தாம் நம்பர் ரூமுக்குப் போகத் திரும்பினார். ஆபீசரின் விரல் தாழவில்லை.

"அஞ்சு" என்றார் ஆபீசர்.

கரண்டிச் சத்தம் நின்றது. உள்ளே யாரும் எழவில்லை. முகங்கள் மட்டும் ஒவ்வொன்றாக, மெதுவாக, ஆபீசரைத் தாண்டி, 'ஆச்சு' என்று சொன்னவள் நின்ற வேப்பமரத்துப் பக்கமாகத் திரும்பின. நடுவில் அம்மாவின் முகமும் திரும்பியது. அதில் என்ன இருந்தது என்று கனி யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு தெளிவாக இருந்தது.